செம்பு இருக்கப் பசை எதற்கு?

படிவம் நான்கு மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். அண்ணன் பயன்படுத்திய பழைய கணினி அது. அதில் ரேமைக் கூட்டியதோடு, சத்தம் போட்ட விசிறியையும் அவரே மாற்றியிருந்தார். விசிறியைக் கழற்ற, அதனுடன் இணைந்திருந்த செம்புத் தகட்டையும் பிராசசர் மீதிருந்து தூக்க வேண்டியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிவிட்டார். ஆனால், கணினியை இயக்கிய பத்தே நிமிடத்தில் அது சூடேறித் தானாக அணைந்துவிட்டது. மறுவாரம் ஒப்படைக்க வேண்டிய இடுபணி முழுவதும் அதற்குள் இருந்தது.

"பழைய பசை காய்ந்துபோய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, டீச்சர். துடைத்துவிட்டு மூடிவிட்டேன். செம்புதான் நல்ல வெப்பக் கடத்தியாயிற்றே, நடுவில் பசை எதற்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு பொருள் எவ்வளவு எளிதில் வெப்பத்தைக் கடத்தும் என்பதை அதன் வெப்பக் கடத்துத்திறன் காட்டுகிறது. செம்பின் மதிப்பு ஏறத்தாழ 400. கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பப் பசையின் மதிப்பு 5 என்று வைத்துக்கொள்வோம். பசை செம்பைவிட 80 மடங்கு மோசம்! பிறகு ஏன் அதைத் தடவுகிறோம்?

பசை போட்டி போடுவது செம்போடு அன்று, காற்றோடு. பிராசசரின் மேற்பரப்பும் செம்புத் தகடும் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் மேடும் பள்ளமும்தான். ஒன்றன்மேல் ஒன்றை வைக்கும்போது மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. பள்ளங்களில் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. காற்றின் கடத்துத்திறனோ வெறும் 0.026. பசை அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பள்ளங்களை நிரப்புகிறது.

சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு படலத்தின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, வெப்பத்திறனையும் தடிப்பையும் பெருக்கி, அதைக் கடத்துத்திறன், பரப்பளவு ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். பிராசசர் 30 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதன் பரப்பளவு 1.5 சதுர சென்டிமீட்டர், இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்று கொள்வோம்.

இடைவெளியில் பசை இருந்தால் வேறுபாடு 2 டிகிரி செல்சியஸ்.

இடைவெளி முழுவதும் காற்று இருந்தால் ஏறத்தாழ 385 டிகிரி!

உண்மையில் மேடுகள் சில தொட்டுக்கொண்டிருப்பதால் நிலைமை அவ்வளவு மோசமாகாது. ஆனாலும் பல பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடேறினால் கணினி அணைந்துவிடும். மாணவரின் கணினியில் நடந்தது இதுதான்.

இதைக் கேட்டதும் அவர், "அப்படியென்றால் நிறையத் தடவிவிடலாம்" என்றார். ரொட்டிக்குக் காயா தடவுவதுபோல் 0.5 மில்லிமீட்டர் தடிப்பில் தடவினால் என்னவாகும்? தடிப்பு பத்து மடங்கு, எனவே வேறுபாடும் பத்து மடங்கு: 20 டிகிரி. தகட்டை இறுக்கும்போது மிகுதிப் பசை ஓரளவு பிதுங்கி வெளியேறும் என்றாலும், அது அக்கம்பக்கத்துப் பாகங்களில் ஒட்டிக்கொள்ளும். பள்ளம் நிரம்பும் அளவுக்குப் பசை போதும்.

அன்று பள்ளி முடிந்தபின் இருவரும் வேலையைத் தொடங்கினோம். கணினியை அணைத்து, மின்னூட்டியைப் பிடுங்கி, உள்ளே மின்கலத்தின் இணைப்பையும் கழற்றினோம். தகட்டின் திருகாணிகளுக்கு அருகே 1, 2, 3, 4 என எண்கள் இருந்தன. கழற்றும்போது 4இலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம்.

ஒட்டியிருந்த பழைய பசையைப் பஞ்சிழை உதிராத துணியால் துடைத்தோம். துணியில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் நனைத்துக்கொண்டோம். அது பசையின் எண்ணெயைக் கரைத்துவிட்டு விரைவில் ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். இரும்பால் சுரண்டக்கூடாது, பிராசசரில் கீறல் விழும்.

மேசைக் கணினியின் பிராசசருக்குப் பொதுவாக உலோக மூடி உண்டு. மடிக்கணினியில் பெரும்பாலும் மூடி இருக்காது. சிலிக்கன் சில்லே வெளியில் தெரியும். அதனால் பச்சைப்பயறு அளவு பசையை வைத்து, சில்லு முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பினோம். மூலை விடுபட்டால் அங்கே காற்று அடைபடும். பிறகு தகட்டை நேராக இறக்கி, 1இலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக முடுக்கினோம். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் சில்லின் ஓரம் உடையலாம். வைத்த தகட்டை மறுபடியும் தூக்கிப் பார்க்கவும் கூடாது. காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும்.

நீங்களும் முயல விரும்பினால் சில குறிப்புகள். ரேமையோ சேமிப்பகத்தையோ மட்டும் மாற்றும்போது பெரும்பாலும் செம்புத் தகட்டைத் தொடவே தேவையில்லை; தகட்டைத் தூக்கினால் மட்டும் பசையைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். பக்கத்துச் சில்லுகள்மீது மெத்தைபோல் இருக்கும் வெப்பத் திண்டுகளை எடுத்துவிட்டுப் பசை தடவாதீர்கள். அங்குள்ள இடைவெளி பசைக்குப் பெரிது. 'திரவ உலோகம்' என்று விற்கப்படுவதையும் தவிருங்கள். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். கணினி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், திறப்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

மின்கலத்தை இணைத்துக் கணினியை இயக்கினோம். பத்து நிமிடம் கடந்தது, அரை மணி நேரமும் கடந்தது, அணையவில்லை. மாணவர் முதல் வேலையாக இடுபணியை விரலியில் நகலெடுத்துக்கொண்டார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேற்கண்ட பிராசசரில் பசையின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் என்றால் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு?