பொறியியல் முதலாண்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மும்பை வாழ் தமிழர் இல்லங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் எழுகின்ற முதல் கேள்வி, "இன்ஜினியரிங்ல இடம் கிடைக்குமா?" என்பதுதான். இடம் கிடைத்துவிட்டால் தெருவுக்கே இனிப்பு வழங்கிவிடுகிறோம். ஆனால் கல்லூரிக்குள் நுழைந்தபின் முதலாண்டில் அந்தப் பிள்ளை படுகின்ற பாட்டை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த முதலாண்டில் தடுக்கி விழுந்து எழுந்தவன் நான். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே பாடங்களைக் கற்பித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சிலவற்றை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நம் நாட்டில் பொறியியல் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். முதலாண்டு பெரும்பாலும் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவானது. கணிதம், இயற்பியல், வேதியியல், இயக்கவியல், பொறியியல் வரைபடம், கணினி நிரல், பட்டறைப் பயிற்சி எனப் பாடங்கள் அமைகின்றன. "நான் கம்ப்யூட்டர் படிக்க வந்தேன், எனக்கு எதுக்கு சார் அரமும் ரம்பமும்?" என்று ஆண்டுதோறும் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1847-இல் தொடங்கிய ரூர்க்கிக் கல்லூரி, கங்கைக் கால்வாய் வெட்டும் பணிக்கு ஆட்களைப் பயிற்றுவித்தது. புனேயில் 1854-லும் நம் மும்பையில் 1887-லும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. அளக்கவும் வரையவும் கட்டவும் தெரிந்த ஆட்களே அன்றைய தேவை. பாடங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆயினும், கையால் செய்து பார்க்காதவன் பொறியாளன் ஆகமாட்டான் என்ற அந்த அடிப்படை மட்டும் மாறவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். தாராவியில் பிறந்தவன் நான். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பை தைத்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு ஆங்கில வழிக்கு மாறினேன். 1985-இல் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வரைபட ஆசிரியர் ஒருவர் என் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் வகுப்பில் சந்தேகமே கேட்கவில்லை. தேர்வு முடிவு வந்தது. வரைபடத்தில் 'கே.டி.'

தமிழ்நாட்டில் 'அரியர்' என்பதைத்தான் மும்பையில் 'கே.டி.' என்பார்கள். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதிக்கொண்டே படிப்பைத் தொடரலாம் என்கிற அனுமதி அது. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்குள் நுழைய முடியாது. அம்மாவிடம் போய், "கே.டி. விழுந்துட்டும்மா" என்றேன். "கேடியா? போலீசு புடிக்கிற கேடியாலே?" என்று அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். இன்று சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கும் நிலையில் வீடு இல்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். மறுமுறையும் தவறினால் அப்பாவோடு தோல் வேலைக்குப் போய்விடுவது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு விளங்காதது இதுதான். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்ப்பது முன்தோற்றம், மேலிருந்து பார்ப்பது மேல்தோற்றம். இந்தியாவில் வழக்கிலுள்ள முதற்கோண முறைப்படி, மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். மேலிருந்து பார்த்ததை ஏன் கீழே வரைய வேண்டும்? மனப்பாடம் செய்தேன். தேர்வில் தலைகீழாக வரைந்தேன்.

ஒரு நாள் இரவு அப்பா, "அப்படி என்னலே அதுல இருக்கு? எனக்குச் சொல்லு" என்றார். புத்தகத்தில் இருந்ததை முதன்முறையாகத் தமிழில் சொன்னேன். "பொருளுக்குப் பின்னால ஒரு சுவரு, கீழ ஒரு தரை. முன்னாலருந்து பாக்கிறது பின்சுவத்துல பதியும். மேலருந்து பாக்கிறது தரையில பதியும். ரெண்டையும் ஒரே தாள்ல காட்டணும்." அப்பா ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்தார். முன்பக்கத்தையும் இரு பக்கச் சுவர்களையும் மேல்மூடியையும் அறுத்துப் போட்டார். மீதி இருந்தது பின்சுவரும் தரையும்தான். "அப்ப தரையைக் கீழ மடக்கித் தொங்கவிட்டாப் போதும்லா?" என்று மடக்கினார். தரை, சுவருக்கு நேர் கீழே வந்து நின்றது. தரையில் பதிந்த மேல்தோற்றமும் அதனோடு கீழே வந்துவிட்டது! மாதக்கணக்கில் புரியாதது ஒரு நிமிடத்தில் புரிந்தது. தட்டையான தோலை வெட்டிப் பையாக்குகிறவருக்குப் பெட்டியை விரிப்பது புதிதல்லவே. மறுதேர்வில் தேறினேன்.

அன்று எனக்கு விளங்கியது வரைபடம் மட்டுமல்ல. எனக்கு அறிவு குறைவில்லை, ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருந்த காட்சிதான் என் மனதில் எழவில்லை என்பதும் விளங்கியது. மற்றப் பாடங்களுக்கும் இதே வழியைக் கையாண்டேன். இயக்கவியலில் விசை வேறு, தகைவு வேறு. விசையை அது தாங்கும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. அதே கைவிசையில் விரல் நுழையாத தோலில் குத்தூசி நுழைகிறது. ஊசிமுனையின் பரப்பு மிகச் சிறியது, ஆகவே அங்கே தகைவு மிகப் பெரியது. இப்படி ஒருமுறை தமிழில் யோசித்துவிட்டால், பிறகு விடையை ஆங்கிலத்தில் எழுதுவது சிரமமாக இருப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியல், இயந்திரவியல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க வழிவகுத்தது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, புரியாததை வீட்டு மொழியில் பேசிப் பார்க்க ஓர் ஆள்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்கள் இரண்டு. முதலாண்டில் ஒரு பாடம் தவறினால் உலகம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம், பிள்ளையையும் எண்ணவிட வேண்டாம். "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்கு முன், "இன்னைக்கு என்ன பாடம், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போது அவர்களுக்குப் புரியும்.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் பலர் இருக்கிறோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் முதலாண்டு மாணவர்களோடு உட்காரலாம். பெரிய செலவில்லை. ஒரு கரும்பலகையும் சில காலி அட்டைப்பெட்டிகளும் இருந்தால் தொடங்கிவிடலாம். நான் வரத் தயார்.