பழைய மோட்டார் எஞ்சினிற் பொறி நேரம் அமைத்தல்

எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் புதுப்பித்து, உறுப்புக்களையெல்லாம் செவ்வனே பூட்டிய பின்னரும் அஃது இயங்க மறுத்தல் உண்டு. பெட்ரோலும் மின்சாரமும் குறைவின்றி வந்தும், பொறி பிறக்கவேண்டிய கணத்திற் பிறவாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாம். அக்கணத்தை அமைக்கும் வகையினை, 1927ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு ‘ஏ’ மாதிரி வண்டியைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சிலிண்டரில் அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவி பொறிபட்டவுடன் முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீப் பரவச் சிறிது காலம் வேண்டும். எஞ்சின் நிமிஷத்திற்கு 2,200 முறை சுழலுங்கால், பிஸ்டன் உச்சியினின்று அடிவரை இறங்க ஒரு விநாடியில் எழுபதில் ஒரு பங்கே ஆகின்றது. ஆதலின் வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே பொறி பிறத்தல் வேண்டும். கையாற் சுழற்றிக் கிளப்பும்போதோ முந்திப் பிறக்கும் பொறி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, சுழற்றுவோன் மணிக்கட்டை முறித்துவிடவுங் கூடும். இவ்வேறுபாட்டிற்கென்றே ஓட்டுபவர் கைச்சக்கரத்தின் இடப்புறம் ஒரு நெம்புகோல் உளது. மேலே தள்ளின் பொறி பிந்தும். கீழே இழுப்பின் முந்தும். நேரம் அமைக்குங்கால் அதனை முற்றும் மேலே தள்ளிவைத்தல் வேண்டும்.

முதலாம் பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்பதை அறிதற்கு, எஞ்சின் முகப்பு மூடியில் ஒரு திருகாணி உண்டு. அதனைக் கழற்றி, உருண்டை முனையை உள்ளே செலுத்தி, கிராங்கை மெல்லச் சுழற்றினால், முனை காம் ஷாப்டின் பற்சக்கரத்திலுள்ள குழியில் விழும். எளிய உபாயந்தான். எனினும் புதுப்பித்த எஞ்சினில் ஓர் ஐயம் உளது. ஆணி தொடுவது பற்சக்கரத்தையே. பிஸ்டனை அஃது அறியாது. கிராங்கின் பற்சக்கரமும் காமின் பற்சக்கரமும் குறிக்குக் குறி பொருந்தாமல் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டிருப்பினும் ஆணி வழக்கம்போலவே விழும்!

ஆகவே பிஸ்டனையே வினவுதல் நன்று. முதலாம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துவாரத்தைப் பெருவிரலால் மூடிச் சுழற்றுக. காற்று விரலை உந்தின் அஃது அழுத்த வீச்சு. பின் மெல்லிய மரக்குச்சியொன்றை உள்ளே விடுக. குச்சி மிக உயர்ந்த இடமே உச்சி என்று முடிவு செய்தல் தகாது. உச்சியருகே பிஸ்டன் தயங்கி நிற்கும். கிராங்க் பத்துப் பாகை திரும்பினும் அஃது அங்குலத்தில் இருபதில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. ஆதலின் குச்சி உச்சிக்கு அரை அங்குலம் கீழே நிற்கையில், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாகக் கிராங்கின் முன்சக்கரத்தில் இரு கோடுகள் இடுக. அவற்றின் நடுவே உண்மை உச்சி. ஆணியும் ஏறக்குறைய அங்கேயே விழுந்தால் குறை இல்லை. விழாவிடின் மூடியைத் திறந்து பற்சக்கரங்களைத் திருத்துதலே முறை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டினால் பொறி திருந்தலாம், வால்வுகளின் காலம் திருந்தாது.

இனி எஞ்சியது சிறு வேலை. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுகளுக்கு இடையே 0.018 முதல் 0.022 அங்குல இடைவெளியை முதலில் அமைக்க. பின்னர் மாற்றின் நேரமும் மாறும். உச்சியிலுள்ள திருகைத் தளர்த்தி, சுழலும் கை முதலாம் முனையை நோக்குமாறு திருப்பி, பாயிண்டுகளுக்கிடையே மெல்லிய தாளொன்றை வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே, காமைச் சுழலும் திசையில் மயிரிழை மயிரிழையாக நகர்த்துக. தாள் வழுவும் கணமே பொறி பிறக்கும் கணம். அங்கேயே திருகை இறுக்குக. பொறி செல்லும் வரிசை 1, 2, 4, 3 என்பதாம்.

ஆணியைத் திரும்பப் புரட்டிப் பூட்ட மறந்து எஞ்சினைக் கிளப்பின் பற்சக்கரம் பாழாகும். கிளம்பியபின் நெம்புகோலைக் கீழே இழுக்க. மேடேறுகையில் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை கேட்குமாயின், அதனைச் சிறிது மேலே தள்ளினாற் போதும்.