கட்டடத்தைப் பாராதீர், கட்டிலைப் பாரீர்!

சென்ற வாரம் நமது அலுவலகத்துக்குத் தோழர் ஒருவர் வந்தார். சுமை தூக்கும் தொழிலாளி. முப்பது ஆண்டுகளாக மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். நர்சுக்குப் படிக்க வைக்க ஆசை. அவர் கையில் பளபளப்பான புத்தகம் ஒன்று இருந்தது. மாளிகை போன்ற கட்டடம், பச்சைப் புல்வெளி, வெள்ளுடையில் சிரிக்கும் பெண்கள், "வேலைக்கு உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்து!

"தரகர் ஒருவர் வந்தார். முன்பணம் கட்டினால் இடம் பிடித்துத் தருவாராம். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். "அந்தக் கல்லூரிக்கு மருத்துவமனை உண்டா? அங்கே எத்தனை கட்டில், எத்தனை நோயாளி?"

தோழர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பேருந்து இருந்தது, விடுதி இருந்தது, விழா மேடை இருந்தது. நோயாளி படுத்திருக்கும் கட்டில் ஒன்றுகூட இல்லை!

இது இவர் ஒருவரின் கதை அல்ல. மில்லிலும், பஸ் டெப்போவிலும், கட்டட வேலையிலும் உழைக்கும் நம் தோழர்கள் ஆயிரமாயிரம் பேர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வி. மகள் தன் காலில் நிற்கவேண்டும். மாதச் சம்பளம் வேண்டும். நாலு பேர் மதிக்கும் வேலை வேண்டும். நர்சு வேலை இம்மூன்றையும் தரும். நல்ல ஆசைதான். ஆனால் ஆசையைக் கண்டால் அங்கே கடை விரிப்பவனும் வந்துவிடுகிறானே! ஆகவே சில உண்மைகளை இங்கே சொல்லிவைக்க விரும்புகிறோம்.

நர்சுத் தொழில் எங்கே பிறந்தது? 1860-இல் இலண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது புனித தாமஸ் மருத்துவமனைக்குள். 1871-இல் சென்னையில் நர்சுப் பயிற்சி தொடங்கியது அரசாங்கப் பொது மருத்துவமனைக்குள். 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்சுப் பள்ளி கண்டதும் தமது மருத்துவமனையை ஒட்டியே. மருத்துவமனை முதலில் வந்தது. பள்ளி பின்னால் வந்தது. இன்றோ பல இடங்களில் கட்டடம் முதலில் எழும்புகிறது. நோயாளியை எங்கே தேடுவது என்று பிறகு யோசிக்கிறார்கள். ஊசி போடுவதைக் கரும்பலகையில் கற்க முடியுமா? நாடி பார்ப்பதைப் பொம்மையிடம் கற்று முடித்துவிட முடியுமா? நோயாளி இல்லாத நர்சுப் பள்ளி, தண்ணீர் இல்லாத நீச்சல் குளம்!

அதனால்தான் இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல் வைத்திருக்கிறது. கல்லூரிக்குத் தாய் மருத்துவமனை வேண்டும், அதில் 100 படுக்கைகள் வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கில் பயிற்சி வேண்டும் என்கிறது. ஏட்டில் எல்லோரும் இதைக் காட்டுவார்கள். நாம் ஏட்டைப் பார்க்கவேண்டாம். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று, காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனை வாசலில் போய் நில்லுங்கள். புறநோயாளிகள் வரிசை இருக்கிறதா? வார்டில் ஆள் இருக்கிறதா, வெறும் மெத்தை இருக்கிறதா? மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பார்த்து, "இதுவரை எத்தனை பிரசவம் பார்த்தாய், அம்மா?" என்று கேளுங்கள். அந்தப் பெண்ணின் பதிலைவிட நல்ல விளம்பரப் புத்தகம் கிடையாது.

அடுத்தது, படிப்பின் பெயர். முறையான படிப்புகள் சிலதான். துணை நர்சு – மருத்துவச்சிப் படிப்பு 2 ஆண்டு. ஜி.என்.எம். எனும் டிப்ளமா 3 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் பட்டம் 4 ஆண்டு. தேறியபின் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாகவேண்டும். பதிவு இல்லையேல் நர்சு இல்லை! ஆனால் ஓராண்டில் "நர்சிங் அசிஸ்டெண்ட்" என்று சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கூடங்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. நர்சு உடை உண்டு, தொப்பி உண்டு, படம் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கவுன்சில் பதிவு மட்டும் கிடைக்காது. ஆயுள் முழுதும் உதவியாளர் கூலிதான். பணம் கட்டுமுன் "இந்தப் படிப்புக்குக் கவுன்சில் பதிவு உண்டா?" என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் நம்பாதீர், கவுன்சிலிலேயே விசாரியுங்கள்.

தரகர் சொல்லாத வழி ஒன்று உண்டு. அரசு நர்சிங் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து, தேர்வுக் குழுவின் கலந்தாய்வு மூலம் இடம் தருகிறார்கள். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒட்டிய அரசு டிப்ளமாப் பள்ளிகளில் கட்டணம் சொற்பம். படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இதற்கெல்லாம் தரகுக்கூலி தேவையில்லை. தேவை, விண்ணப்பத் தேதியைத் தவறவிடாத கண் ஒன்றுதான்.

"இடம் கிடைக்காவிட்டால் கடன் வாங்கத்தானே வேண்டும்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் தோழர்களே, நாம் முக்கியமாகச் சொல்லவந்தது இருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது வேறு, முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது வேறு என்று நினைக்கிறோம். இல்லை! இரண்டும் ஒன்றுதான். கல்லூரி வாசலில் எவ்வளவு கடன் ஏறுகிறதோ, அவ்வளவுக்கு முதல் வேலையில் தலை குனியவேண்டி வரும். கடன் இல்லாத பெண் "இந்தச் சம்பளம் வேண்டாம்" என்று எழுந்து வரலாம். வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டுப் பெண் எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவாள்.

எதில் கையெழுத்து? ஓராண்டு, ஈராண்டு வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில். அதோடு அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்துக் கொள்ளும் நிர்வாகங்கள் உண்டு. படித்து வாங்கிய சான்றிதழ் என்ன பண்ணையடிமைச் சீட்டா? அது விற்கவோ பிடித்துவைக்கவோ உரிய சரக்கு அல்ல என்று, கட்டணத்துக்காகக் கல்லூரி ஒன்று பிடித்துவைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மூலத்தைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், மூலத்தைக் கைவிடக் கூடாது.

சம்பளம்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேற்பட்டதில் அரசு நர்சுக்கு இணையாகத் தரவேண்டும் என்றது அந்தக் குழு. கேரளத்தில் நர்சுகள் சங்கமாகத் திரண்டு 2017-இல் போராடினார்கள். 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணை வந்தது. பரிந்துரை தாளில் கிடந்தது. அதைச் சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது ஒற்றுமை!

அரசு வேலைதான் பாதுகாப்பு என்பவர்கள் தமிழ்நாட்டின் கதையையும் அறியவேண்டும். 2015-இல் போட்டித் தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கான நர்சுகளுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! ஈராண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் பணி செய்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு அமர்ந்ததை நாடே பார்த்தது. ஆகவே அரசோ தனியாரோ, பணி ஆணை கையில் வாங்கிப் படியுங்கள். "நிரந்தரம்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள்.

சம்பளம் மட்டும் போதுமா? போதாது. முதல் வேலை என்பது நாலாவது படிப்பு. மூத்த நர்சு பக்கத்தில் நின்று சொல்லித்தரும் இடமா? இல்லை, சேர்ந்த மறு வாரமே இரவு வேலையில் வார்டு முழுவதையும் தனியே ஒப்படைத்துவிடும் இடமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு என்பது ஏட்டில் உள்ள அளவு. அங்கே எத்தனை பேரைத் தலையில் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். தவறு நேர்ந்தால் உயிர் போவது நோயாளிக்கு. பழி விழுவது அந்தப் பெண்ணுக்கு. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் கேட்கலாம். கேட்பது குற்றமல்ல.

வெளிநாட்டு ஆசையும் வரும். போகலாம், உலகம் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் 2014-ஐ மறக்கவேண்டாம். ஈராக்கின் திக்ரித் நகரில் போரின் நடுவே சிக்கிய 46 நர்சுகள் அந்த ஜூலையில் கொச்சி வந்து சேர்ந்தார்கள். கேரளத்துப் பெண்களே பெரும்பாலோர். நமது தூத்துக்குடிப் பெண்ணும் அதில் ஒருவர். குண்டு வெடிக்கும் ஊரிலும் திரும்பத் தயங்கியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ஏன்? ஊரில் கடன் காத்திருந்தது! படிப்புக்கு வாங்கிய கடன் ஒரு பெண்ணை எங்கே வரை துரத்துகிறது, பார்த்தீர்களா? தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. தனியார் முகவரிடம் போகுமுன் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

நமது தோழர் புத்தகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் முன்பணம்?" என்றார். "வைத்திருங்கள். முதலில் மகளை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்" என்றோம்.

நேற்று மீண்டும் வந்தார். போய்ப் பார்த்தாராம். "நாலு வார்டு, தோழர். மூன்றுக்குப் பூட்டு" என்றார். கலந்தாய்வுக்கு விண்ணப்பம் நிரப்ப நமது பேனாவைக் கேட்டார். கொடுத்தோம்.

மூட்டையின் எடையைத் தூக்கிப் பார்க்காமல் கூலி பேசாதவர் தொழிலாளி. மகளின் வாழ்வுக்கு மட்டும் தூக்கிப் பார்க்காமல் விலை கொடுக்கலாமா? கட்டிலைப் பாருங்கள், கவுன்சில் பதிவைப் பாருங்கள், கடனைக் குறையுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வலிவோடு நம் பெண் முதல் வேலைக்குப் போகட்டும்!