ஓட்டு இல்லாதவருக்கு ஒரு வாக்குறுதி

தேர்தல் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை எல்லாக் கட்சி மேடைகளிலும் சிவப்பு அடையாள அட்டைப் பிரச்சினையைப் பேசுவார்கள். யோசித்தால் விசித்திரம்தான். சிவப்பு அட்டைக்காரர் நிரந்தரவாசி. அவருக்கு ஓட்டே கிடையாது. பிறகு யாருக்காக இந்தப் பேச்சு? நீல அட்டை வைத்திருக்கும் அவர் மகனுக்காக, மருமகளுக்காக.

அமெரிக்காவிலும் இதே கணக்குதான். 2012 அதிபர் தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லாதபோது, சிறுவயதில் ஆவணமின்றிக் கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் காக்கும் திட்டத்தை ஒபாமா அறிவித்தார். பலன் பெற்றவர்களால் வாக்களிக்க முடியாது. அவர்களின் ஹிஸ்பானிக் உறவுகளால் முடியும்.

இங்கே 2007 இண்ட்ராப் பேரணியும் 2008 தேர்தலும்தான் கட்சிகளை உலுக்கின. 2011-இல் நஜிப் அரசு மைடஃப்தார் பதிவு இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் எதிரணி, மூன்று லட்சம் இந்தியர்கள் நாடற்றவர்கள் என்றது. தேசிய முன்னணியோ இண்ட்ராப்பின் வேதமூர்த்தியுடன் ஒப்பந்தம் போட்டது. துணையமைச்சரான அவர் அடுத்த ஆண்டே பதவி விலகினார். 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி 100 நாளில் தீர்வு என்றது. வென்றபின், 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார்.

மேடையில் லட்சம், கோப்பில் ஆயிரம். சிவப்பு அட்டை வைத்திருப்பவர் வேறு, பிறப்புப் பத்திரமே இல்லாதவர் வேறு. பேச்சாளர்கள் இருவரையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் எண்ணிக்கை இப்படி ஊதிச் சுருங்குகிறது.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காப்பார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய ஆளில்லை. "மூணு கட்சிக்கும் நகல் கொடுத்திட்டேன் தம்பி. நகல் எடுத்த காசுல ஒரு சட்டை வாங்கியிருக்கலாம்" என்று சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

2024 அக்டோபர் 17-இல் மக்களவை 206 ஆதரவு வாக்குகளுடன் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது நல்ல செய்தி. எல்லாக் கட்சியும் கொண்டாடியது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகள் தானாகவே குடியுரிமை பெறும் வழியை எடுத்துவிட்டது. தாய் தந்தை இருவருமே சிவப்பு அட்டைக்காரர்கள் என்றால் குழந்தைக்கு என்ன வழி? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நான் இதைத்தான் கேட்பேன்.