நோய் வந்த வீட்டில் பாலிசியின் வயது

ஆண்டுதோறும் மே 31 வரும். பிரதமரின் ஜீவன் ஜோதி பீமாவுக்கு 436 ரூபாயும், விபத்துக்கான சுரக்ஷா பீமாவுக்கு 20 ரூபாயும் வங்கிகள் கணக்கிலிருந்து தாமாகப் பிடித்துக்கொள்ளும் கெடு அது. பாறசாலை, செங்கல், காரக்கோணம், உதியன்குளங்கரை பக்கத்திலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பல இந்த 456 ரூபாயைப் பற்றியவை. மற்றவை இன்னும் கனமானவை. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றோ சிறுநீரகம் பழுதென்றோ தெரிந்துவிட்டது. கையில் இருக்கும் பாலிசி நிற்குமா, வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு யாராவது பணம் தருவார்களா?

456 ரூபாய்க் கேள்வியை முதலில் விரைவாக முடித்துவிடலாம். ஜீவன் ஜோதியில் சேர மருத்துவப் பரிசோதனை கிடையாது. 18 வயதிலிருந்து 50 வரை சேரலாம், 55 வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். முடிச்சு ஒன்றுதான்: சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தல்லாத மரணம் என்றால் பணம் இல்லை. விடாமல் கட்டிவருபவரை இந்த 30 நாள் தொடாது; ஒரு வருடம் விட்டுப்போய் மறுபடி சேர்ந்தவரைத் தொடும். வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால், அவர் கணக்கில் பணம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கேரள, தமிழ்நாட்டு எல்லையோர வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாறசாலையில் ஒரு கணக்கு, களியக்காவிளையில் ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்களுக்கு இரண்டிலும் பிடித்தம் நடக்கலாம். கிடைக்கப்போவது ஒரே 2 லட்சம்தான். இரண்டாவது 436 போனது போனதுதான்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகள், அங்கே சம்பளத்துக்கே இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்கிறாள், இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறார் நெய்யாற்றின்கரை வாசகர் ஒருவர். பிரிட்டனில் நோயால் வேலை நின்றால் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தரும் தனியார் பாலிசிகள் உண்டு. இங்கே அதற்கு மிக அருகில் வருவது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி தருவது 3.25. இந்த விலைக்கு எந்தத் தனியார் கம்பெனியும் தராது. ஆனால் நீண்டகால நோய்க்கான தொகை வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு தொடர் வேலை காட்ட வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்காரர், கொத்தனார், களியக்காவிளைச் சந்தையில் சுமை தூக்குபவர், பாலராமபுரத்தில் வீட்டுத் தறியில் நெய்பவர் எல்லாருமே இதற்கு வெளியே நிற்கிறார்கள்.

அவர்களுக்குக் கேரள அரசு வைத்திருப்பது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிக்கு மாதம் 1,100 ரூபாய், படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கு 600 ரூபாய். முன்னதன் பெயர் சமாஸ்வாசம், பின்னது ஆஸ்வாசகிரணம். பெயர்களில் இருக்கும் ஆறுதல் தொகையில் இல்லை. காருண்யா திட்டமும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தலா 5 லட்சம் என்கின்றன. இரண்டும் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும்; பலசரக்குக் கடைக்குக் கொடுக்காது.

தனியார் கம்பெனிகள் 'கிரிட்டிகல் இல்னஸ்' என்று விற்பதை வருமானக் காப்பீடு என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரே தவணையில் ஒரு தொகை. பட்டியலில் உள்ள நோயாகவும் இருக்க வேண்டும், அங்கே எழுதியிருக்கும் தீவிரத்துக்கு அது முற்றியும் இருக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமே வகுத்த இலக்கணப்படி, தோன்றிய இடத்தைத் தாண்டிப் பரவாத ஆரம்பநிலைப் புற்று கணக்கில் சேராது. சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று ஒரு பக்கம் பிரசாரம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பாலிசி பணம் தராது. பல பாலிசிகளில் நோய் உறுதியான பின் 30 நாள் உயிரோடு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 45.

2015-ல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மூன்று ஆண்டு கடந்துவிட்டால் ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. நுகர்வோருக்குக் கிடைத்த வெற்றி என்றே இது பேசப்பட்டது. முகவர்களும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதையே சொல்கிறார்கள். முக்கால் உண்மை.

மீதிக் கால் பங்கு, மூன்று ஆண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில் இருக்கிறது. பாலிசி வழங்கிய நாள், இடர்ப்பொறுப்பு தொடங்கிய நாள், பாலிசியைப் புதுப்பித்த நாள், கூடுதல் ரைடர் சேர்த்த நாள் ஆகிய நான்கில் எது கடைசியோ அதிலிருந்து. 2010-ல் எடுத்து பதினான்கு ஆண்டு ஒழுங்காகக் கட்டி, 2024-ல் காலாவதியாகி, 2025-ல் நிலுவையும் வட்டியும் செலுத்தி உயிர்ப்பித்த பாலிசிக்குச் சட்டத்தின் கண்ணில் வயது 2025-லிருந்துதான்.

முன்பு இப்படி இல்லை. மிதூலால் நாயக் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம், காலக்கெடுவைப் பாலிசி முதலில் எடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும், புதுப்பித்த நாளிலிருந்து அல்ல என்று சொல்லியிருந்தது. அந்த வழக்கில் நோயை மறைத்தது நிரூபணமாகிக் குடும்பம் தோற்றது என்பது வேறு விஷயம். கணக்கிடும் முறை மட்டும் மக்கள் பக்கம் நின்றது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த திருத்தம், இரண்டு ஆண்டை மூன்றாக்கியதோடு 'புதுப்பித்த நாள்' என்பதையும் உள்ளே சேர்த்து அந்தத் தீர்ப்பை அடைத்துவிட்டது.

எல்லைக் கிராமங்களில் இது ஏன் உறைக்க வேண்டும்? இங்கே பாலிசிகள் காலாவதியாவது அலட்சியத்தால் குறைவு, மழையால் அதிகம். ஜூன், ஜூலையில் பால்வெட்டு நின்றால் கைக்குக் காசு வருவதும் நிற்கும். அந்த மாதங்களில் வரும் தவணை தப்பும். பிறகு எல்.ஐ.சி. அவ்வப்போது நடத்தும் புதுப்பிப்பு முகாம்களில் ஒன்று வரும். தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி என்று முகவர் அழைப்பார். தள்ளுபடி கட்டணத்துக்கு மட்டுமே, உடல்நலக் கேள்விகளுக்கு இல்லை. 680-ம் எண் படிவம் ஒன்றை நீட்டுவார்கள்: பாலிசி எடுத்தபின் நோய் வந்ததா, சிகிச்சை உண்டா, ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு எடுத்தீர்களா என்பது போன்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று முகவரே நிரப்புவார், இவர் கையெழுத்துப் போடுவார். பழைய பாலிசிக்குப் பின்னால் புதிய மூன்று ஆண்டும், புதிய ஒரு பொய்யும் ஒட்டிக்கொண்டன.

அந்தப் பொய் வெளியே வருவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் கார்டில். ஒரு வாசகி அனுப்பிய நகல் என் மேசையில் இருக்கிறது. மாரடைப்பில் இறந்த கணவருடையது. 'முன்வரலாறு' என்ற இடத்தில் சர்க்கரை நோய், பெருக்கல் குறி, 8 வருடம். யார் சொன்னது? அட்மிஷன் போட்ட இரவில் நோயாளிக்குத் துணையாக, பைஸ்டாண்டராக நின்ற தம்பி. பயிற்சி மருத்துவர் மலையாளத்தில் கேட்க, தம்பி குத்துமதிப்பாக ஏழெட்டு வருஷம் இருக்கும் என்றிருக்கிறார். வீட்டில் இருக்கும் முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டோ மூன்று வருடத்துக்கு முந்தையது. பாலிசி அதற்கும் முன்பே எடுத்தது, இடையில் காலாவதியாகிப் புதுப்பித்தது. கம்பெனிக்கு அந்த ஒற்றை '8' போதுமானதாக இருந்தது.

மருத்துவமனைக் குறிப்பை எழுதிய மருத்துவரின் வாக்குமூலம் இல்லாமல் அதை மட்டும் வைத்துக் க்ளெய்மை மறுக்க முடியாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. ஆனால் ஆணையம் வரை போகும் வீடுகள் எத்தனை? ஆகவே, பைஸ்டாண்டராக நிற்பவர் தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வது நல்லது. டிஸ்சார்ஜ் ஆகும்போது கார்டை வாங்கியதும் முன்வரலாற்றுப் பகுதியைப் படித்து, தவறிருந்தால் அங்கேயே திருத்தம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாரும் திருத்த மாட்டார்கள்.

இன்னும் தொந்தரவான இடம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக்குள் கம்பெனி மறுக்க இரண்டு வழிகள். ஒன்று மோசடி, மற்றது முக்கிய உண்மையைத் தவறாகச் சொன்னது அல்லது மறைத்தது. இரண்டாவது வழி என்றால், அந்த உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியுடையது. கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பியும் தர வேண்டும். மோசடி என்று சொல்லிவிட்டாலோ, பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது அதை மறுத்து நிரூபிக்கும் பாரம் பணம் பெற வேண்டியவர் தலையில் விழுகிறது. இறந்தவர் மனதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று மனைவி நிரூபிக்க வேண்டும். இதை எழுதியவர்களுக்கு ஒரு சாவு வீடு எப்படி இருக்கும் என்று தெரியுமா என்றே கேட்கத் தோன்றுகிறது.

அதனால் மறுப்புக் கடிதம் வந்தால் அதில் இந்த இரண்டில் எது எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காரணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டியது கம்பெனியின் கடமை. இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் எந்த வழியில் மறுக்கிறீர்கள் என்று பதில் கேளுங்கள்.

முகவர்தான் நிரப்பினார் என்று சொன்னால் செல்லுமா? பாதி செல்லும். பாலிசியைப் பேசி முடித்தவர் ஒப்பந்த நோக்கில் கம்பெனியின் ஆள் என்று பிரிவு 45-ன் விளக்கமே சொல்கிறது. ஆனால் 2019-ல் ரிலையன்ஸ் லைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், உள்ளே இருப்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன் என்ற தனி உறுதிமொழி அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அது இருக்கிறதா, யார் கையெழுத்து என்று பாருங்கள். இந்தப் பகுதியில் இதுவே நல்ல பிடி.

கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் 97, 98 விழுக்காடு 'க்ளெய்ம் தீர்வு' எண்ணைப் பற்றியும் ஒரு சொல். இருபது ஆண்டு பழைய பாலிசிகளையும் நேற்று எடுத்ததையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மூன்று ஆண்டுக்குள் வந்த க்ளெய்ம்களில் எத்தனை மறுத்தார்கள் என்று தனியாகச் சொல்லும் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

மற்ற கேள்விகள்:

தவணை தப்பிவிட்டது, நோயாளி படுக்கையில் இருக்கிறார். — ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம். அதற்குள் கடன் வாங்கியாவது கட்டுங்கள், அந்த நாட்களில் பாதுகாப்பு தொடர்கிறது.

சலுகைக் காலமும் போய்விட்டது. — உண்மையைச் சொல்லிப் புதுப்பிக்கக் கேளுங்கள். மறுத்தால் பாலிசி குறைந்த தொகைக்கு 'பெய்டு-அப்' ஆக நிற்குமா என்று பாருங்கள். மூன்று ஆண்டு முழுதாகக் கட்டிய பழைய எல்.ஐ.சி. பாலிசிகள் பலவற்றில் தவணை தப்பி ஆறு மாதத்துக்குள் மரணம் நேர்ந்தால் முழுத்தொகைச் சலுகை உண்டு.

சரண்டர் செய்து ஆஸ்பத்திரிக்குக் கட்டலாமா? — முதலில் பாலிசியின் மேல் கடன் கேளுங்கள்.

நோய் வந்தபின் புதிய டேர்ம் பாலிசி? — சிகிச்சை நடக்கும்போது பெரும்பாலும் மறுப்பார்கள், அல்லது தள்ளிப்போடுவார்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கும் மூன்று ஆண்டா? — இல்லை, ஐந்து. 2024 வரை எட்டாக இருந்தது.

ஜி.எஸ்.டி. போய்விட்டதே? — தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை; அடிப்படை பிரீமியம் ஏறியிருக்கிறதா என்று பழைய ரசீதோடு ஒப்பிடுங்கள்.

பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருக்கும்போது இறந்தால்? — இ.டி.எல்.ஐ. திட்டத்தில் 7 லட்சம் வரை. தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை.

புகார் எங்கே? — முதலில் கம்பெனிக்கு எழுதி 30 நாள் காத்திருங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், 50 லட்சம் வரை, கட்டணமும் வக்கீலும் தேவையில்லை, மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள். பாறசாலை முகவரி என்றால் கொச்சி அலுவலகம், களியக்காவிளை முகவரி என்றால் சென்னை. ஆதாரில் ஒரு பக்கமும் பாலிசியில் இன்னொரு பக்கமும் இருப்பவர்கள் புகார் எழுதுவதற்கு முன் முகவரியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.