பாட்டுக்கு முன்னால் வந்த புத்தகம்

ப்ளூஸ் இசையை நான் முதலில் படித்தேன். கேட்டது எட்டு வருடம் கழித்து.

1983இல் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில் பால் ஆலிவர் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் தி ப்ளூஸ்' கிடைத்தது. முதுகு கிழிந்த பெங்குவின் பதிப்பு. கடைக்காரர் பன்னிரண்டு ரூபாய் சொன்னார். "படம் நிறைய இருக்கு சார்" என்பது அவர் தரப்பு நியாயம். ஏழில் முடிந்தது. (இரண்டு வருடத்தில் அந்த மார்க்கெட்டே தீயில் போய்விட்டது.) அவர் சொன்னது பொய்யில்லை. பருத்திக் காடு, பலகை வீட்டுத் திண்ணை, மடியில் கிதாரோடு கேமராவை முறைக்கும் மனிதர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம்தான். ஊர்களின் பெயர்களே பாட்டு மாதிரி இருந்தன: கிளார்க்ஸ்டேல், டட்வைலர், யாஸூ சிட்டி.

பாட்டுதான் இல்லை. எங்கள் தெரு ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இளையராஜா பதிந்து தருவார்கள், மிஞ்சிப்போனால் போனி எம். நான் 'மடி வாட்டர்ஸ்' என்று எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பையன், "இது எந்தப் படம் சார்?" என்றான்.

வேறு வழியில்லாமல் பாட்டை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். ஸ்கிப் ஜேம்ஸ் சோகமாகப் பாடுபவர் என்று படித்ததும், சி.எஸ். ஜெயராமனின் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கி அவருக்குக் கொடுத்தேன். டபிள்யூ.சி. ஹாண்டி என்ற ப்ளூஸ் இசையமைப்பாளர் 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில், கத்தியைத் தந்திகளின்மேல் அழுத்தி இழைத்து கிதார் வாசித்த ஒருவரைக் கேட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு, தந்தியின்மேல் ஒரு பொருள் வழுக்கினால் என்ன ஒலி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா?

1991இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அத்தை மகன் ஒரு டிடிகே 90 கேசட் கொண்டுவந்தான். ஒரு பக்கம் ராபர்ட் ஜான்சன், மறுபக்கம் ஸ்கிப் ஜேம்ஸ். ஜேம்ஸ் வாயைத் திறந்ததும் கேசட் வேகமாக ஓடுகிறதோ என்று நிறுத்திப் பார்த்தேன். ஜெயராமன் எங்கே, இவர் எங்கே! உச்சியில் ஒல்லியாக, பூட்டிய அறைக்குள்ளிருந்து வருவது போன்ற கள்ளக்குரல். எட்டு வருடம் நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு யாரையோ. வழுக்கும் தந்தியில் மட்டும் நான் தோற்கவில்லை. 1995இல் தாஜ் மகால் என்ற ப்ளூஸ் பாடகர், மோகன வீணை விஸ்வ மோகன் பட்டோடும் நம் சித்திரவீணை ரவிகிரணோடும் ஒரு தொகுப்பே வெளியிட்டார். அதைக் கேட்டபோது, எனக்கு முன்பே தெரிந்த சங்கதிதானே என்று அற்பமாக ஒரு பெருமை.

மெட்ராஸ்காரன் என்பதால்தான் எனக்கு இந்தக் கதி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது, ஐம்பதுகளில் நியூயார்க்கில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

காரணத்தில் பாதி நம் ஊர்ச் சரக்கு. 78 வேகத்தில் சுழன்ற பழைய பிளேட்டுகளுக்கு முக்கியமான பொருள் அரக்கு. உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது, சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சி கட்டியதை மக்கள் சுரண்டிச் சேர்த்து அனுப்பியது. மிஸிஸிப்பி விவசாயக் கூலியின் குரல் நம் காட்டு அரக்கில் பதிந்திருக்கிறது! 1920இல் மாமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' விற்பனையில் சக்கைப்போடு போட்டதும் கம்பெனிகள் கறுப்பின மக்களுக்கென்று தனியாகப் பிளேட்டு போட ஆரம்பித்தன. பாராமவுண்ட் என்ற கம்பெனியின் முதலாளி, விஸ்கான்ஸினில் நாற்காலி செய்யும் ஒரு நிறுவனம். கிராமபோன் பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டும், அதற்குப் போட்டுக் கேட்கப் பிளேட்டு வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் இசை ஆர்வம். மட்டமான கலவை என்பதால் புதுப் பிளேட்டிலேயே பாட்டைவிட இரைச்சல் தூக்கலாக இருக்கும். ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பாடியது இந்தப் புண்ணியவான்களுக்குத்தான். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம், யார் வாங்குவார்கள்? அடுத்து உலகப்போர். 1942இல் அமெரிக்க அரசு பிளேட்டுக் கம்பெனிகளின் அரக்கு ஒதுக்கீட்டைக் கடுமையாக வெட்டியது. பழைய பிளேட்டுகளை வாங்கி நொறுக்கிப் புதுப் பிளேட்டு வார்த்தார்கள். அரக்கு மாளிகை நிலைக்காது என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

தப்பிய சிலவற்றைத் தேடி அலைந்தவர்கள் ஒரு தனி ஜாதி. ஜேம்ஸ் மக்கூன் என்பவர் புரூக்ளினில் ஒரு விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார். அவர் சேகரித்த பிளேட்டுகளெல்லாம் அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கடியில் இருந்தன. கேல் டீன் வார்ட்லோ என்பவருக்கு மிஸிஸிப்பியில் வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கும் வேலை. கரப்பானை விசாரித்த கையோடு பழைய பிளேட்டு இருக்கிறதா என்றும் விசாரிப்பார். சேகரிப்பவர்களின் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான்.

1959இல் சாமுவேல் சார்ட்டர்ஸ் 'தி கன்ட்ரி ப்ளூஸ்' என்ற புத்தகம் எழுதினார், கூடவே கேட்க ஒரு எல்பியும் வந்தது. மக்கூனுக்குக் கோபம்: நன்றாக விற்ற பிரபலங்களைத் தூக்கிவைத்திருக்கிறார், அசல் ஆட்களை விட்டுவிட்டார் என்று. மக்கூனோடு பழகிய சேகரிப்பாளர்கள் 1962இல் போட்டிக்கு ஓர் எல்பி போட்டார்கள். தலைப்பு, 'ரியலி! தி கன்ட்ரி ப்ளூஸ்'. அந்த ஆச்சரியக்குறியில் இருக்கும் நக்கலை நான் பல வருடம் ரசித்திருக்கிறேன்.

அந்தத் தலைமுறைக்கு ஒரு பிளேட்டு என்பது பாட்டு மட்டுமல்ல, துப்பும்கூட. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிந்த பாட்டொன்றில் தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய வரைபடத்தில் அந்த ஊரைப் பிடித்து, 1963இல் நேரே போய்க் கதவைத் தட்டினார். ஹர்ட் அங்கேயேதான் இருந்தார், எழுபதை ஒட்டிய வயதில். அந்த வருடமே நியூபோர்ட் இசை விழா மேடையில் பாடினார். ஸ்கிப் ஜேம்ஸை மறுவருடம் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் கண்டுபிடித்தார்கள்.

தேடி எடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள், புத்தகப் பிரியர்கள். கிடைக்காத பாட்டுக்குப் பதில் எனக்கு ஜெயராமன் என்றால், கிடைக்காத வாழ்க்கைக்குப் பதில் அவர்களுக்குக் கதை. ராபர்ட் ஜான்சன் பதிந்தது 29 பாட்டு, 1936இலும் 1937இலும். 1938இல் 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அன்று படமும் கிடைத்திருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானுக்கு ஆத்மாவை விற்ற கதை வந்து உட்கார்ந்தது. வார்ட்லோ 1968இல் தேடி எடுத்த இறப்புச் சான்றிதழில்கூட, காரணம் எழுத வேண்டிய இடத்தில் மருத்துவர் இல்லை என்றுதான் இருந்தது. கதை கட்ட இன்னும் தோது. சார்ட்டர்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையானவர். தன் எழுத்தில் இருந்த கற்பனைச் சாயம் தெரிந்தே பூசியது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

இன்று என் போனில் எல்லாம் இருக்கிறது. மக்கூனின் கட்டிலுக்கடியில் இருந்ததைவிடப் பல மடங்கு, சட்டைப் பையில். பாராமவுண்டின் பழைய பாட்டுகளில் 800ஐ 2013இல் ஒரு யுஎஸ்பி குச்சியில் போட்டு, அதை ஓக் மரப் பெட்டியில் வைத்து விற்றார்கள். நாற்காலிக் கம்பெனியின் ஆவி இன்னும் பெட்டி விற்கிறது! விலையைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டேன்.

கேட்பது சுலபமானதும் படிப்பது மாறிவிட்டது. முன்பு ஒரு புத்தகத்தை இரண்டு ராத்திரியில் முடிப்பேன். இப்போது பக்கத்துக்கு மூன்று பாட்டின் பெயர் வந்தால் மூன்றையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புகிறேன். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு வாரம். "இன்னுமா அதே புஸ்தகம்?" என்பாள் மனைவி.

புத்தகங்களின் வேலையும் தலைகீழாகிவிட்டது. அன்று கதை கட்டின, இன்று கட்டிய கதையைப் பிரிக்கின்றன. எலைஜா வால்டின் 'எஸ்கேப்பிங் தி டெல்டா' 2004இல் வந்தது. ஜான்சனின் காலத்துக் கறுப்பின மக்களுக்கு அவர் அவ்வளவு பெரிய ஆளே இல்லை, அவர்கள் விரும்பி வாங்கியது லெராய் கார் மாதிரி வழவழப்பாகப் பாடியவர்களை என்று வரிசையாகக் காட்டுகிறார். கரடுமுரடும் தனிமையும் வேண்டும் என்று ஆசைப்பட்டது நாங்கள்தான், பின்னால் வந்த வாசகர்கள். படித்துவிட்டு லெராய் காரின் 1928ஆம் வருடப் பாட்டைப் போட்டேன். பியானோ, பதமான குரல், சொகுசான சோகம். இத்தனை வருடம் இவரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. 2019இல் ப்ரூஸ் கான்ஃபோர்த்தும் அதே பூச்சிமருந்து வார்ட்லோவும் சேர்ந்து எழுதிய ஜான்சன் வரலாற்றில் சாத்தான் கிடையாது. ஐக் சிமர்மன் என்ற வாத்தியார் இருக்கிறார். ராத்திரியில் யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று இடுகாட்டில் உட்கார்ந்து இருவரும் சாதகம் செய்திருக்கிறார்கள். அசுர சாதகம் என்று நம் வித்வான்கள் சொல்வதுதான். எனக்கு ஏனோ சாத்தானைவிட இந்த வாத்தியார்தான் திகிலாக இருக்கிறார்.

ஆன்யே ஆண்டர்சன் என்ற மூதாட்டி, ஜான்சனின் மாற்றாந்தந்தை வழித் தங்கை முறை, 2020இல் 'பிரதர் ராபர்ட்' வெளியிட்டார். அட்டையில் அதுவரை யாரும் பார்க்காத படம், மெம்ஃபிஸின் பீல் தெருவில் காசு போட்டால் படம் எடுக்கும் பெட்டியில் எடுத்தது. கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார் மனிதர். ஆத்மாவை விற்றவர் மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்தால் ஜிம்மி ராட்ஜர்ஸின் கன்ட்ரி பாட்டுகளையும் விரும்பிப் பாடுவார் என்று அந்த அம்மாள் சொல்கிறார்.

உடனே போனை எடுத்தேன். ராட்ஜர்ஸ் பாடியது இருக்கிறது, அவர் பாட்டை வேறு பலர் பாடியதும் இருக்கிறது. ஜான்சன் பாடியது இல்லை. அவர் பதிந்த 29இல் அதில் ஒன்றுகூடக் கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். மெம்ஃபிஸில் ஒரு வீடு, எதிரே ஒரு சிறுமி. ராட்ஜர்ஸின் மெட்டை எடுத்துக்கொண்டேன், ஜான்சனின் குரலை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.