கம்ப்யூட்டரில் டிராகன் வேட்டை! வீட்டில் அடுப்பு எரிந்தது!!

காசு இருக்கிறது, கையால் தொட முடியாது. தங்கம் இருக்கிறது, உரசிப் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தங்கத்தை விற்று சோள மாவு வாங்கியவர்கள் உண்டு. வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்கு மருந்து வாங்கியவர்களும் உண்டு!

என்ன, கதை விடுகிறோம் என்று நினைக்கிறீர்களா? கதை அல்ல, நிஜம்! தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுலா நாட்டில் நடந்த சங்கதி இது. விவரம் வருமாறு:-

அதென்ன விளையாட்டு?

"ரூன்ஸ்கேப்" என்பது இன்டர்நெட்டில் ஆடும் விளையாட்டு. 2001-ம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஜேகெக்ஸ் என்ற கம்பெனி இதை நடத்துகிறது. பழைய பாணியே வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டதால், 2013-ல் "ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்" என்று தனியாகவும் ஒன்று வந்தது.

இதில் ஆளுக்கு ஒரு வேடம். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், இரும்பு உருக்கலாம், அரக்கனோடு மோதலாம். ஒரே நேரத்தில் பல ஆயிரம் பேர், பல நாடுகளில் இருந்து ஆடுகிறார்கள்.

ஆள் இருந்தால் சந்தை இருக்கும் அல்லவா? இங்கேயும் பெரிய சந்தை ஒன்று உண்டு. பெயர் "கிராண்டு எக்ஸ்சேஞ்ச்". மீனை விற்கிறவர் விலை சொல்வார், வாங்குகிறவர் விலை கேட்பார். இரண்டும் பொருந்தினால் வியாபாரம் முடிந்தது. சரக்கு குறைந்தால் விலை ஏறும்; குவிந்தால் இறங்கும். நிஜச் சந்தை மாதிரியேதான்!

காசு அடிப்பது யார்?

நம் உலகத்தில் நோட்டு அடிக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. அங்கே?

அரக்கனைக் கொன்றால் காசு கீழே விழும். அந்தக் காசு எந்தக் கஜானாவில் இருந்தும் வருவதில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் அந்த நொடியில் உண்டாக்கிக் கொடுக்கிறது. மந்திரம் ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் கையில் உள்ள கத்தியோ கவசமோ மறைந்து காசாக மாறிவிடும்!

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தால் என்ன ஆகும்? எல்லார் கையிலும் காசு, எதற்கும் மதிப்பு இல்லை! நேற்று 100 காசுக்கு விற்றது இன்று 1000 காசு.

ஆகவே கம்பெனி அடியில் ஓட்டை போட்டு வைக்கிறது. ஆயுதம் ரிப்பேர் செய்தால் கூலி. மாளிகை கட்டினால் செலவு. இந்தக் காசு யாருக்கும் போவதில்லை. அப்படியே மாயம்! 2021 டிசம்பரில் சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரியும் போட்டார்கள். 2025-ல் அது 2 சதவீதம் ஆனது. வரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சில சரக்குகளைக் கம்பெனியே வாங்கி அழித்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை! ஒருவர் ஒரு குவியலில் வைத்திருக்கக்கூடிய காசுக்கு உச்சவரம்பு உண்டு: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கம்ப்யூட்டர் கணக்கு அதற்கு மேல் எண்ணாது. அதைத் தாண்டிய கோடீஸ்வரர்கள் 1000 காசுக்கு ஒன்று வீதம் பிளாட்டினம் வில்லையாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள்!

குழாய் உடைந்தது!

குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதை "டயாப்ளோ 3" என்ற அமெரிக்க விளையாட்டு காட்டியது. அங்கே ஆட்டத் தங்கத்தை நிஜ டாலருக்கு விற்க கம்பெனியே ஏலக்கடை வைத்திருந்தது. 2013 மே மாதம் கணக்கில் ஒரு கோளாறு. விற்பனைக்கு வைத்த தங்கத்தை ரத்து செய்தால், வைத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது! விஷயம் தெரிந்தவர்கள் கோடி கோடியாகக் குவித்துவிட்டார்கள். கம்பெனி அலறியடித்து ஏலக்கடையைச் சாத்தியது. கோளாறைச் சரிசெய்து திறந்தாலும், 2014 மார்ச் 18-ந் தேதி கடைக்கு நிரந்தரமாகப் பூட்டு விழுந்தது. கடையில் வாங்கினால் போதும் என்றால் சண்டை போட யார் வருவார் என்பதே காரணம்.

14 சைபர் காலி!

இனி வெனிசுலாவுக்கு வருவோம். பூமிக்கு அடியில் எண்ணெய் கொழிக்கும் நாடு. 2014-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்த பொருளாதாரம் படுத்தேவிட்டது. அரசாங்கம் நோட்டை அடித்துத் தள்ளியது. அங்கே உடைந்தது நிஜக் குழாய்!

2018-ம் ஆண்டில் மட்டும் விலைவாசி 1 லட்சத்து 30 ஆயிரம் சதவீதம் ஏறியதாக அந்நாட்டு மத்திய வங்கியே கணக்கு சொன்னது. பொலிவார் என்ற அந்நாட்டுப் பணத்தில் 2008-ல் 3 சைபர், 2018-ல் 5 சைபர், 2021-ல் 6 சைபர் என்று மொத்தம் 14 சைபர்களை வெட்டி எறிந்தார்கள்!

2019-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 10 டாலருக்கும் கீழே. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் தேய்ந்தது. அப்போதுதான் சில இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள்: நாட்டுப் பணத்தைவிட விளையாட்டுக் காசு கெட்டி!

பச்சை டிராகன்

ரூன்ஸ்கேப்பில் "வனாந்தரம்" என்று ஒரு பகுதி. அங்கே பச்சை டிராகன்கள் திரியும். ஒன்றைக் கொன்றால் எலும்பும் தோலும் கிடைக்கும். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இரண்டும் தேவை. சந்தையில் வைத்தால் உடனே போகும். கிடைத்த காசை வெளியே உள்ள தரகரிடம் தள்ளிவிட்டு டாலர் வாங்கலாம்.

பழைய கம்ப்யூட்டரே போதும். ஆனால் வேலை? கொல்ல வேண்டும், பொறுக்க வேண்டும், பெட்டகத்துக்கு ஓட வேண்டும். மறுபடியும் கொல்ல வேண்டும். நாள் பூரா இதுதான். கிடைப்பது சில டாலர்கள். அதுவே நாட்டுச் சம்பளத்தைவிட பல மடங்கு!

ஆபத்தும் உண்டு. வனாந்தரத்தில் வேறு ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று சரக்கை அள்ளிக்கொண்டு போகலாம். அது ஆட்டத்தின் சட்டம். "வெனிசுலாக்காரன் ஆட்டத்தைக் கெடுக்கிறான்" என்று சொல்லி, தேடித் தேடிக் கொன்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. செத்தவருக்கோ அன்றைய ராத்திரிச் சாப்பாடு! நாட்டில் அடிக்கடி கரண்டும் போகும். கரண்டு போனால் வேட்டையும் போச்சு, வரும்படியும் போச்சு.

வாங்குகிறவர் யார்?

பணக்கார நாட்டில் வேலைக்குப் போகிறவர். அவரிடம் காசு இருக்கிறது, நேரம் இல்லை. இவரிடம் நேரம் இருக்கிறது, காசு இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வியாபாரம்!

இது புதுசும் அல்ல. எட்வர்டு காஸ்ட்ரொனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 2001-லேயே கணக்குப் போட்டார். "எவர்குவெஸ்ட்" என்ற விளையாட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் ஆடினால் கிடைப்பதன் மதிப்பு 3 டாலர் 42 சென்ட் என்று அவர் எழுதியபோது பலரும் வாயைப் பிளந்தார்கள்.

கம்பெனி சும்மா இருக்குமா?

இருக்காது. ஆட்டக் காசை நிஜப் பணத்துக்கு விற்பது ரூன்ஸ்கேப் விதிப்படி குற்றம். பிடிபட்டால் கணக்கே குளோஸ்! பல மாத உழைப்பு ஒரு நொடியில் காலி. கம்பெனி விதிப்படி அந்தக் காசு ஆட்டக்காரருடையது அல்ல, கம்பெனியுடையது!

ஒரு கட்டத்தில் கம்பெனி ஒரு போடு போட்டது. மதிப்பு பொருந்தாத கொடுக்கல் வாங்கல் கூடாது என்றது. நண்பனுக்குச் சும்மா ஒரு வாள்கூட கொடுக்க முடியவில்லை. நல்ல ஆட்டக்காரர்களும் கொதித்தார்கள். கடைசியில் ஓட்டெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் தடையை நீக்கினார்கள்.

பிறகு வேறு வழி. 2013-ல் "பாண்டு" என்று ஒன்று வந்தது. பணம் உள்ளவர் கம்பெனியிடம் டாலர் கொடுத்து பாண்டு வாங்கலாம். அதை ஆட்டச் சந்தையில் காசுக்கு விற்கலாம். வாங்கியவர் அதைக் கொண்டு சந்தா கட்டிக்கொள்ளலாம். டாலர் கம்பெனிக்கு, காசு ஒருவருக்கு, சந்தா இன்னொருவருக்கு!

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது ஒருவழிப் பாதை. டாலர் உள்ளே போகும், வெளியே வராது. பாண்டைக் கொண்டு சந்தா கட்டலாம். சோள மாவு வாங்க முடியாது. வெனிசுலாக்காரர் திருட்டுச் சந்தைக்குப் போனதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுப் பிள்ளை "கோல்டு வாங்கணும், பணம் கொடுங்க" என்று கேட்டால் ஒன்று விசாரியுங்கள். கம்பெனியிடமா, வெளித் தரகரிடமா? தரகர் என்றால் பணமும் போகலாம், கணக்கும் போகலாம்.

டிராகன் பொய். தங்கம் பொய். அதன் பின்னால் உட்கார்ந்து விடிய விடிய எலும்பு பொறுக்கியவரின் பசி மட்டும் நிஜம்!